சாம் போவியும் பத்தாம் நம்பர் ஜெர்சியும்



போன இதழில் மழைநீர் சேகரிப்பு பற்றி எழுதியிருந்தேன். இந்த முறை கூடைப்பந்து பற்றி எழுதப் போகிறேன். "யாரு, இவளா? கூடைப்பந்தைப் பத்தியா?" என்று சிலர் சிரிப்பீர்கள். பரவாயில்லை, சிரித்துவிட்டு முழுவதும் படியுங்கள். கடைசியில் நான் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜோனல் மேட்ச் நடந்தது எல்லாருக்கும் தெரியும். நம் பள்ளியில் இருந்ததே பத்து ஜெர்சிதான். ஒன்பது பேர் முதலிலேயே முடிவாகிவிட்டார்கள். பத்தாவது ஜெர்சிக்கு இரண்டு பேர் இருந்தோம். ஒன்று நான், இன்னொன்று எட்டாம் வகுப்புத் தங்கச்சி. அவள் குள்ளம்தான், ஆனால் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடினால் பிடிக்க முடியாது. எனக்குப் பந்து தட்டத் தெரியாது. ஆனால் நான் 5 அடி 8 அங்குலம். பெஞ்சில் உட்கார்ந்தால் பின்னால் இருப்பவர்களுக்கு போர்டு மறைக்கிறது என்று எப்போதும் கடைசி பெஞ்சுதான். என் பட்டப்பெயர் என்ன என்று நான் எழுத வேண்டியதில்லை.

பி.டி. சார் யோசித்தார். "பந்து கொண்டு போக பத்தாங்கிளாஸ் அக்காங்க ரெண்டு பேர் இருக்காங்க. ரிங்குக்குக் கீழ நிக்கத்தான் ஆளில்ல" என்று சொல்லி ஜெர்சியை என் கையில் கொடுத்தார்.

மேட்சில் என்ன ஆச்சு? இரண்டாவது குவார்ட்டரில் பந்துக்குக் குதித்து இறங்கும்போது என் கணுக்கால் மடங்கிவிட்டது. என்னைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே உட்கார வைத்தார்கள். மூன்றாவது குவார்ட்டரில் ஒரு அக்கா ஐந்து ஃபவுல் ஆகி வெளியே வந்துவிட்டார். மிச்சமிருந்த இன்னொரு அக்காவை எதிரணியில் இரண்டு பேர் சேர்ந்து மறித்தார்கள். பந்தைக் கொண்டு போக ஆளே இல்லை. 18-க்கு 24 என்று தோற்றோம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பின் சீட்டில் யாரோ சொன்னார்கள், "அந்தச் சின்னப் பொண்ண எடுத்திருந்தா ஜெயிச்சிருப்போம். இவள எடுத்து வேஸ்ட்டு." நான் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன். அதன் பிறகு இரண்டு வாரம் கிரவுண்டு பக்கமே போகவில்லை.

ஒருநாள் சாரே கூப்பிட்டார். "சாம் போவின்னு ஒருத்தரைத் தெரியுமாம்மா? போய்ப் படிச்சுப் பாரு" என்றார். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் செல்போனை வாங்கிப் படித்து நோட்டில் எழுதிக்கொண்டேன். அதைத்தான் இங்கே தருகிறேன்.

டிராஃப்ட் என்றால் என்ன?

அமெரிக்காவில் என்.பி.ஏ. என்று பெரிய கூடைப்பந்துப் போட்டி நடக்கிறது. கல்லூரியில் நன்றாக ஆடுகிறவர் தன் இஷ்டத்துக்கு ஏதோ ஓர் அணியில் சேர்ந்துவிட முடியாது. ஆண்டுதோறும் எல்லா அணிகளும் வரிசையாக ஒவ்வொரு ஆளாகத் தேர்ந்தெடுப்பார்கள். அதற்குப் பெயர் டிராஃப்ட். நாம் கபடிக்கு "உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு" என்று ஆள் பிரிப்போமே, அதே மாதிரிதான். ஆனால் போன வருஷம் அதிகமாகத் தோற்ற அணிகளுக்கு முன்னுரிமை. அப்போதுதான் பலம் இல்லாத அணியும் மேலே வர முடியும்.

இப்போது அங்கே 30 அணிகள். 1984-ல் 23 அணிகள்தான். அந்த வருஷம் ஜூன் 19-ம் தேதி நியூயார்க்கில் நடந்த டிராஃப்ட்தான் நம் கதை.

அப்போது இருந்த முறைப்படி, கிழக்கில் கடைசியாக வந்த அணியும் மேற்கில் கடைசியாக வந்த அணியும் பூவா தலையா போடுவார்கள். ஜெயித்தவருக்கு முதல் ஆள், தோற்றவருக்கு இரண்டாவது ஆள். மேற்கில் கடைசி ஹூஸ்டன். கிழக்கில் கடைசி இந்தியானா. ஆனால் இந்தியானா அணி 1981-லேயே ஒரு வீரரை வாங்கிக்கொண்டு, தன் வாய்ப்பை போர்ட்லேண்ட் அணிக்குக் கொடுத்துவிட்டது. அதனால் 48 மேட்ச் ஜெயித்த நல்ல அணியான போர்ட்லேண்டுக்கு, கடைசி அணிக்குக் கிடைக்க வேண்டிய இடம் கிடைத்தது. அதிர்ஷ்டம்தான்! ஆனால் பூவா தலையாவில் ஹூஸ்டன் ஜெயித்துவிட்டது.

ஹூஸ்டன் முதலில் எடுத்தது ஒலாஜுவான். நைஜீரியாவில் லாகோஸ் நகரத்தில் பிறந்தவர். இரண்டாவதாக போர்ட்லேண்ட் எடுத்தது சாம் போவி. மூன்றாவதாக சிகாகோ எடுத்தது யார் தெரியுமா? மைக்கேல் ஜோர்டான்!

ஆமாம், அதே ஜோர்டான்தான். கூடைப்பந்து தெரியாதவர்களும் ஷூவில் பார்த்திருப்பீர்கள். அவர் சிகாகோவுக்காக 6 முறை சாம்பியன் ஆனார். அவரை விட்டுவிட்டு சாம் போவியை எடுத்தார்கள் என்று 40 வருஷத்துக்கு மேல் ஆகியும் அமெரிக்காவில் பேசிச் சிரிக்கிறார்கள். போவி பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல எனக்குத் தோன்றியது.

போர்ட்லேண்ட் ஏன் அப்படிச் செய்தது?

முதலில் எனக்கும் "இவங்களுக்குக் கண்ணு தெரியலையா?" என்றுதான் தோன்றியது. ஆனால் தேர்வு முடிந்து விடைக்குறிப்பு வந்த பிறகு எல்லாருக்கும் எல்லா விடையும் தெரியும். தேர்வு எழுதும்போது என்ன தெரிந்தது என்று பார்த்துத்தான் மார்க் போட வேண்டும். அன்றைக்கு அவர்களுக்குத் தெரிந்தவை இவை.

ஜோர்டான் ஆடும் இடம் கார்டு. அதாவது வெளியிலிருந்து பந்தோடு பாய்ந்து வந்து போடுகிறவர். போர்ட்லேண்டில் அந்த இடத்தில் ஜிம் பாக்ஸன் இருந்தார். அந்த வருஷம் ஒரு மேட்சுக்குச் சராசரியாக 21 புள்ளி எடுத்தவர். அவருக்குப் பின்னால் கிளைட் டிரெக்ஸ்லர் என்ற இளைஞர். 1983-ல்தான் 14-வது ஆளாக எடுத்திருந்தார்கள். அவரும் பின்னாளில் பெரிய ஆளாக வந்தார். ஆகவே அந்த இடம் நிரம்பியிருந்தது.

ரிங்குக்குக் கீழே நிற்கிற உயரமான ஆளுக்கு சென்டர் என்று பெயர். அந்த இடம்தான் காலி. டிராஃப்டுக்குச் சில நாள் முன்புதான் வேறொரு நல்ல வீரரை வாங்குவதற்காக, இருந்த சென்டர் ஒருவரையும் சேர்த்து டென்வர் அணிக்குக் கொடுத்திருந்தார்கள். அதோடு போர்ட்லேண்ட் சாம்பியன் ஆனது ஒரே ஒரு முறை, 1977-ல். அப்போது அந்த அணியின் தூண் பில் வால்டன் என்ற சென்டர். "உயரமான சென்டர் இருந்தால் ஜெயிக்கலாம்" என்பது அவர்கள் அனுபவத்தில் கண்டது. சாம் போவி 7 அடி 1 அங்குலம். பந்தை அழகாகப் பாஸ் செய்யவும் தெரிந்தவர்.

"பந்து கொண்டு போக ரெண்டு அக்கா இருக்காங்க, ரிங்குக்குக் கீழதான் ஆளில்ல." நம் சார் சொன்னதும் இதேதானே!

ஆனால் போவிக்கு ஒரு குறை இருந்தது. கல்லூரியில் படிக்கும்போது கால் எலும்பில் விரிசல் விட்டு, முழுசாக இரண்டு வருஷம் அவர் ஆடவே இல்லை. போர்ட்லேண்டுக்கும் அது தெரியும். தங்கள் டாக்டர்களை வைத்துப் பல மணி நேரம் சோதித்துப் பார்த்தார்கள். சரியாக இருக்கிறது என்று நினைத்துத்தான் எடுத்தார்கள்.

பிறகு என்ன நடந்தது?

இதைத்தான் யாரும் சொல்வதில்லை. முதல் வருஷம் போவி நன்றாகவே ஆடினார். 76 மேட்ச் ஆடி, சராசரியாக 10 புள்ளி எடுத்தார். அந்த வருஷத்தின் சிறந்த ஐந்து புதுமுகங்களில் அவரும் ஒருவர். ஜோர்டான், ஒலாஜுவான் பெயர்களோடு அவர் பெயரும் இருக்கிறது.

அடுத்த வருஷத்திலிருந்துதான் கால் எலும்பு மறுபடி மறுபடி முறிந்தது. 38 மேட்ச், அதற்கடுத்த வருஷம் 5 மேட்ச், அதற்கடுத்த வருஷம் ஒன்றுகூட இல்லை. போர்ட்லேண்டுக்காக அவர் மொத்தம் ஆடியது 139 மேட்ச்தான். 1989-ல் அவரை நியூ ஜெர்சி அணிக்குக் கொடுத்துவிட்டார்கள்.

ஜோர்டானுக்கும் அடிபட்டது. இரண்டாவது வருஷம் பாதத்தில் எலும்பு முறிந்து 18 மேட்ச்தான் ஆடினார். ஆனால் அவர் கால் சரியாகிவிட்டது, போவியின் கால் சரியாகவில்லை. அது மட்டுமில்லை. ஜோர்டான் வந்த முதல் மூன்று வருஷமும் சிகாகோ ஜெயித்ததைவிடத் தோற்றதுதான் அதிகம். 1987-ல் ஸ்காட்டி பிப்பன் வந்து, பிறகு 1991-ல்தான் முதல்முறை சாம்பியன் ஆனார்கள். ஒரே ஆளால் அணி ஆகிவிடாது என்பதற்கு ஜோர்டானே சாட்சி.

நான் போட்ட மார்க்

நம் ஆசிரியர்கள் போடுவதுபோல நானும் போர்ட்லேண்டுக்கு நூற்றுக்கு மார்க் போட்டுப் பார்த்தேன்.

1. அணியில் எந்த இடம் காலி என்று கண்டுபிடித்தது: 25-க்கு 22. சரியாகத்தான் கண்டுபிடித்தார்கள்.

2. எடுக்கும் ஆளைச் சோதித்தது: 25-க்கு 12. சோதித்தார்கள். ஆனால் இரண்டு வருஷம் ஆடாத கால் என்று தெரிந்தும் துணிந்துவிட்டார்கள்.

3. கிடைத்த ஆட்களில் யாருக்குத் திறமை அதிகம் என்று பார்த்தது: 25-க்கு 5. ஜோர்டான் அந்த வருஷம் கல்லூரிகளிலேயே சிறந்த வீரர் என்று விருது வாங்கியவர். தெரியாத ஆள் இல்லை.

4. தவறு தெரிந்த பிறகு சரிசெய்தது: 25-க்கு 20. போவியைக் கொடுத்து வாங்கிய பக் வில்லியம்ஸ் நன்றாக ஆடினார். 1990-லும் 1992-லும் போர்ட்லேண்ட் இறுதிப்போட்டி வரை போனது. 1992-ல் அவர்களைத் தோற்கடித்தது யார் என்றால், அதே ஜோர்டானின் சிகாகோ!

ஆக மொத்தம் 59. ஃபெயில் இல்லை.

மூன்றாவதில் ஏன் இவ்வளவு குறைத்தேன் என்று கேட்பீர்கள். அதற்கு ஹூஸ்டனைப் பார்க்க வேண்டும். ஹூஸ்டனில் ஏற்கெனவே ரால்ஃப் சாம்ப்சன் என்று 7 அடி 4 அங்குலத்தில் ஒரு சென்டர் இருந்தார். 1983-ல்தான் அவரை முதல் ஆளாக எடுத்திருந்தார்கள். "நம்மிடம்தான் உயரமான ஆள் இருக்கிறாரே" என்று ஹூஸ்டன் சும்மா இருக்கவில்லை. அடுத்த வருஷமே ஒலாஜுவானையும் எடுத்து, இரண்டு பேரையும் ஒன்றாக ஆட வைத்தார்கள். 1986-ல் இறுதிப்போட்டிக்குப் போனார்கள். சாம்ப்சன் போன பிறகும் ஒலாஜுவான் இருந்தார். 1994, 1995 என்று இரண்டு முறை சாம்பியன் ஆனார்கள்.

போர்ட்லேண்ட் "நம்மிடம் பாக்ஸன் இருக்கிறார்" என்று நினைத்தது. அந்தப் பாக்ஸன் 1988-லேயே வேறு அணிக்குப் போய்விட்டார். காலி இடம் என்பது இன்றைக்கு ஒன்றாக இருக்கும், நாளைக்கு வேறாக இருக்கும். நம் மேட்சிலும் இரண்டு அக்கா போதும் என்றுதான் இருந்தோம். ஒருவர் ஃபவுலில் வெளியே வந்ததும் என்ன ஆச்சு என்று பார்த்தோம் இல்லையா? அதனால் எல்லாரையும்விடத் திறமையான ஆள் கண்முன்னே நிற்கும்போது, இடம் இல்லை என்று விடக்கூடாது. இடத்தை உண்டாக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஆனால் போர்ட்லேண்ட் 2007-ல் மறுபடியும் இதே மாதிரி செய்தது. கெவின் டுராண்டை விட்டுவிட்டு கிரெக் ஓடன் என்ற 7 அடி சென்டரை எடுத்தது. பாவம், முதல் மேட்ச் ஆடுவதற்கு முன்னாலேயே அவருக்கு முழங்கால் ஆபரேஷன். அங்கே அவர் ஆடியது 82 மேட்ச்தான்.

திருக்குறளில் தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என்று இரண்டு அதிகாரங்கள் அடுத்தடுத்து வருகின்றன. ஆளைச் சோதித்துத் தெளிவது முதலில், வேலையைக் கொடுப்பது அடுத்து. அந்த வரிசை எவ்வளவு முக்கியம் என்று எனக்கு இப்போதுதான் புரிந்தது. எப்படிப் புரிந்தது என்றால்...

நான் சொல்ல வேண்டிய உண்மை

2012-ல் சாம் போவியைப் பற்றி ஒரு ஆவணப்படம் வந்தது. அதில் அவரே ஒன்றைச் சொன்னாராம். 1984-ல் போர்ட்லேண்ட் டாக்டர்கள் அவர் காலைத் தட்டித் தட்டி வலிக்கிறதா என்று கேட்டபோது, வலிக்கவில்லை என்று சொல்லிவிட்டாராம். ஆனால் உள்ளுக்குள் வலித்ததாம்.

இதைப் படித்ததும் நான் செல்போனைக் கீழே வைத்துவிட்டேன். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஏனென்றால் ஜோனலுக்கு மூன்று வாரம் முன்பு ரேஷன் அரிசியை சைக்கிளில் வைத்துக்கொண்டு வரும்போது வாய்க்கால் பாலத்தில் விழுந்துவிட்டேன். கணுக்கால் பிசகிவிட்டது. அம்மா மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டார். வீக்கம் வடிந்துவிட்டது, வலி போகவில்லை. டீம் எடுக்கும் நாளில் நான் நடப்பதைப் பார்த்துவிட்டு சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கணுக்காலை அமுக்கிப் பார்த்தார். "வலிக்குதாம்மா?" என்று கேட்டார்.

"வலிக்கல சார்" என்றேன்.

வலித்தது. கண்ணில் தண்ணீர் வராமல் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? உயரம் என்றால் இதுவரை கேலிதான். ஒட்டடை அடிக்கக் கூப்பிடுவார்கள், போட்டோ எடுத்தால் பின்னால் நிற்கச் சொல்வார்கள். முதல்முறையாக இந்த உயரத்துக்காகவே ஒருவர் என்னைக் கூப்பிட்டு ஜெர்சி தருகிறேன் என்கிறார். "வலிக்குது சார்" என்று ஒரு வார்த்தை சொன்னால் அது போய்விடும். அந்த ஜெர்சியைப் போட்டுக்கொண்டு அம்மா முன்னால் ஒருமுறை நிற்க வேண்டும் என்று ஆசை. அவ்வளவுதான்.

அதனால் போவிமீது எனக்குக் கோபமே வரவில்லை. ஆனால் அன்றைக்கு நான் வாங்கிய ஜெர்சி இன்னொருத்தியுடையது.

திங்கட்கிழமை பிரேயருக்கு முன்னாலேயே போய் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "நான் அமுக்கினப்பவே உன் மூஞ்சியப் பாத்திருக்கணும்மா. காலை மட்டும் பாத்துட்டேன்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "அந்தப் புள்ளகிட்டயும் சொல்லிடு" என்றார்.

மதியம் சத்துணவுக் கூடத்துக்குப் பக்கத்தில் அந்தத் தங்கச்சியைப் பார்த்துச் சொன்னேன். "எனக்குக் கால் சரியில்லாம இருந்துச்சு. சார்கிட்ட பொய் சொல்லி உன் எடத்த வாங்கிட்டேன். மன்னிச்சிடு" என்றேன். அவள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே என் காலைப் பார்த்தாள். "இப்ப சரியாயிடுச்சாக்கா?" என்று கேட்டாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

இவற்றையெல்லாம் இங்கே ஏன் எழுதுகிறேன் என்றால், பஸ்ஸில் அன்று பேசியவர்கள் சார் தப்பான ஆளை எடுத்துவிட்டார் என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சார் நம் அணியில் எது குறை என்று சரியாகப் பார்த்தார். சோதித்தும் பார்த்தார். அவருக்குக் கிடைத்த பதில்தான் தப்பு. அந்தப் பதிலைச் சொன்னது நான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாம் போவி போர்ட்லேண்டோடு முடிந்துவிடவில்லை. நியூ ஜெர்சி அணியில் நான்கு வருஷம் ஆடினார். பிறகு லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணியில் இரண்டு வருஷம். அத்தனை முறை கால் முறிந்தும் மொத்தம் 511 மேட்ச் ஆடிவிட்டுத்தான் 1995-ல் ஓய்வு பெற்றார். சிரிக்கிறவர்கள் இந்த எண்ணையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஜோர்டானை விட்டது போர்ட்லேண்டின் முடிவு. போவி தன்னைத்தானே எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது என் கால் நிஜமாகவே சரியாகிவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, டாக்டர் சொன்ன பிறகுதான் கிரவுண்டுக்கு வந்தேன். சாயந்திரம் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்ததும் நானும் எட்டாம் வகுப்புத் தங்கச்சியும் பழகுகிறோம். அவள் பந்தைக் கொண்டு வந்து போடுவாள். தவறினால் நான் எடுத்து மறுபடி அவளுக்குக் கொடுப்பேன். அடுத்த வருஷம் பத்தாங்கிளாஸ் அக்காக்கள் இருக்க மாட்டார்கள். இரண்டு இடம் காலியாகும். எங்கள் இருவரையும் எடுப்பாரா என்பது சார் முடிவு. "வலிக்குதா?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்பது மட்டும் என் முடிவு.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி
(கடைசி பெஞ்ச்)